பின்லாந்தின் வட உச்சியில் உட்ஸ்யோக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக வரைபடத்தில் பின்லாந்தின் உச்சியைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு சாலை, ஒரு ஆறு, மூன்று ஊர்ப் பெயர்கள், அவ்வளவுதான் தெரியும். மற்றதெல்லாம் வெறுமை போல இருக்கும். அதனால்தான் இந்த இடத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே "அங்கே மனுஷங்க இருக்காங்களா?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. இருக்கிறார்கள். பல நூற்றாண்டுகளாக இருக்கிறார்கள். அங்கே பெயரில்லாத மேடோ ஓடையோ தேடினாலும் கிடைப்பது அரிது. அந்த மக்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

உட்ஸ்யோக்கி எங்கே இருக்கிறது?

பின்லாந்தின் லாப்லாந்து மாகாணத்தில், நாட்டின் வடகோடியில். வடக்கிலும் மேற்கிலும் நார்வே, தெற்கில் இனாரி என்ற இன்னொரு ஊராட்சி. தலைநகர் ஹெல்சின்கியிலிருந்து கிளம்பும் 4ஆம் எண் நெடுஞ்சாலை சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடி இங்கேதான் முடிகிறது. ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிய பிறகும் பல மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும்.

இதற்குள் இருக்கும் நுவோர்காம் என்ற சிற்றூர் பின்லாந்துக்கு மட்டுமல்லாமல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமே வடகோடி ஊர். 70 பாகை அட்சரேகையைக் கொஞ்சம் தாண்டி இருக்கிறது.

எவ்வளவு பெரிய இடம்? எத்தனை பேர்?

பரப்பு ஏறத்தாழ 5,370 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 1,200 பேர். ஒருவருக்கு நாலு சதுர கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஆனால் இப்படி வகுத்துப் பார்ப்பதில் ஒரு தவறு உண்டு. யாரும் அப்படிச் சிதறி உட்கார்ந்திருக்கவில்லை. பெரும்பாலானவர்கள் ஆற்றங்கரையில்தான் இருக்கிறார்கள்: நடுவில் உட்ஸ்யோக்கி ஊர், வடகிழக்கே நுவோர்காம், தென்மேற்கே கரிகஸ்னியெமி. இவற்றுக்கு நடுவே கரையோரமாக இங்கொன்றும் அங்கொன்றுமாக வீடுகள்.

ஆற்றைவிட்டு உள்ளே போனால் மேட்டு நிலம். கல்தோஐவி, பைஸ்துந்துரி என்ற இரண்டு பெரிய வனாந்தரப் பகுதிகள் 1991இல் சட்டப்படி அறிவிக்கப்பட்டன. கல்தோஐவிதான் நாட்டிலேயே பெரியது, கிட்டத்தட்ட 2,900 சதுர கிலோமீட்டர். அங்கே நிரந்தரக் குடியிருப்பு இல்லை. ஆனால் பனிமான் (ரெயின்டீர்) மேய்ப்பவர்களும் ஏரியில் மீன் பிடிப்பவர்களும் ஆண்டு முழுக்க அதற்குள் போய் வருகிறார்கள். ஒருவர் வசிக்காத நிலமும் ஒருவருடைய பிழைப்பு நிலமாக இருக்கலாம் என்பதை இந்த ஊரைப் புரிந்துகொள்ள நினைப்பவர்கள் முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1,200 பேருக்குத் தனி ஊராட்சியா? யார் நடத்துகிறார்கள்?

ஆமாம். 1876இலிருந்து தனி ஊராட்சி. பின்லாந்தில் ஊராட்சிக்கு அதிகாரம் நிறைய. தேர்தல் மூலம் வரும் மன்றம் உண்டு, குடியிருப்பவர்களின் வருமானத்தின் மீது தானே வரி விதிக்கும் உரிமை உண்டு. பள்ளி, நூலகம், குடிநீர், நிலப் பயன்பாடு எல்லாம் அதன் பொறுப்பு. மருத்துவமும் சமூகநலமும் 2023 ஜனவரி வரை ஊராட்சிகளிடம்தான் இருந்தன. அதன்பின் மாகாண அளவிலான நலச்சேவை அமைப்புகளுக்குப் போய்விட்டன.

சிறிய ஊராட்சிகளைப் பக்கத்து ஊராட்சிகளோடு இணைத்துவிட்டால் செலவு குறையுமே என்று நாட்டில் அவ்வப்போது பேச்சு எழுவதுண்டு. உட்ஸ்யோக்கி விஷயத்தில் அது வெறும் செலவுக் கணக்கு இல்லை. சாமி மக்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஒரே ஊராட்சி பின்லாந்தில் இதுதான். இதை வேறொன்றோடு கலந்தால், அவர்கள் தங்கள் எண்ணிக்கையால் முடிவெடுக்கும் ஒரே மன்றம் போய்விடும்.

சாமி மக்கள் யார்?

நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் ஆகியவற்றின் வடபகுதிகளில் வாழும் பூர்வகுடிகள். 'சாமி' என்பது அவர்கள் தங்களுக்கே வைத்துக்கொண்ட பெயர். நம் 'சாமி'யோடு ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். தங்கள் நிலம் முழுவதையும் 'சாப்மி' என்கிறார்கள். நான்கு நாட்டு எல்லைக் கோடுகளும் அதன் குறுக்கே பின்னால் வந்தவை. பழைய புத்தகங்களில் வரும் 'லாப்' என்ற சொல் வெளியார் வைத்தது, இழிவாகக் கருதப்படுகிறது. அதைப் பயன்படுத்த வேண்டாம்.

பின்லாந்தில் சாமி மக்கள் சுமார் 10,000 பேர். அவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் இன்று பூர்வீகப் பகுதிக்கு வெளியே, ஹெல்சின்கி, ஓவுலு, ரோவானியெமி போன்ற நகரங்களில் இருக்கிறார்கள். பிப்ரவரி 6 அவர்களுடைய தேசிய நாள். 1917இல் அதே தேதியில் நார்வேயின் டிரோண்ட்ஹெய்மில் அவர்களுடைய முதல் பொது மாநாடு கூடியது.

ஊர்ப் பலகையில் இரண்டு பெயர் இருக்கிறதே?

மேலே ஒரு பெயர் பின்னிஷ் மொழியில், மற்றது வட சாமி மொழியில். உட்ஸ்யோக்கிக்கு வட சாமியில் ஒஹ்ட்செயோக்கா. இரண்டும் ஊராட்சியின் ஆட்சிமொழிகள். சாமி மொழிச் சட்டம் 1992இல் நடைமுறைக்கு வந்தது, 2004இல் இன்னும் வலுவான சட்டம் வந்தது. அதன்படி அலுவலகத்தில் ஒருவர் தன் மொழியிலேயே விண்ணப்பம் கொடுக்கலாம், அதே மொழியில் பதில் கேட்கலாம்.

இங்கே வசிப்பவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் சாமி மொழியைத் தாய்மொழியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். நாட்டில் வேறெந்த ஊராட்சியிலும் இந்த விகிதம் இல்லை. சரி, சாமியர் பெரும்பான்மை என்றால் தாய்மொழிக் கணக்கு ஏன் பாதியைத் தொடவில்லை? அதற்கு விடுதிப் பள்ளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டாயக் கல்வி வந்தபோது, தூரத்துப் பிள்ளைகளைப் பள்ளி விடுதிகளில் தங்க வைத்தார்கள். ஏழு வயதுக் குழந்தை வீட்டைவிட்டு வந்து, தனக்குத் தெரியாத பின்னிஷ் மொழியில் படித்தது. வீட்டு மொழி பேசினால் அவமானம் என்ற எண்ணம் அங்கே ஊறிப்போனது. அப்படி வளர்ந்தவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசவே இல்லை. ஒரு தலைமுறை வாய் மூடிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது பாட்டியின் மொழி ஆகிவிடுகிறது. பின்லாந்து அரசு இதையெல்லாம் ஆராய 2021இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் ஒன்றை அமைத்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. உட்ஸ்யோக்கி பள்ளியில் சாமி மொழி வழியில் படிக்கலாம். இங்குள்ள மேல்நிலைப் பள்ளிக்கு சாமி மேல்நிலைப் பள்ளி என்றே பெயர். மாணவர் எண்ணிக்கையில் நாட்டின் மிகச் சிறியவற்றில் ஒன்று.

எல்லை ஆற்றின் நடுவே போகிறதாமே?

ஆற்றின் பெயர் பின்னிஷில் தேனோ, சாமியில் தெயட்னு, நார்வேஜியனில் தானா. தெயட்னு என்றாலே பெரிய ஆறு என்று பொருள். பின்லாந்துக்கும் நார்வேக்கும் இங்கே இதுதான் எல்லை.

இந்தக் கோடு 1751இல் போடப்பட்டது. அப்போது பின்லாந்து சுவீடனின் பகுதி. எல்லை போட்டவர்களுக்கு ஒரு நியாயம் தெரிந்திருந்தது. பனிமான்களோடு இடம்பெயரும் சாமியர் எல்லையைத் தாண்டலாம் என்று ஒப்பந்தத்தோடு ஒரு தனி இணைப்பு எழுதிச் சேர்த்தார்கள். நூறு வருஷம் அது ஓடியது. பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கையில் இருந்தபோது, 1852இல், பனிமான்கள் கடப்பதற்கு எல்லை மூடப்பட்டது. கோடைக்குக் கடற்கரை, குளிர்காலத்துக்கு மான்கள் மேயும் உள்நாட்டுப் பாசி நிலம் என்று போய்வந்த குடும்பங்கள் ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று.

ஆனாலும் ஆறு அவர்களைப் பிரித்துவிடவில்லை. இரு கரையிலும் அதே மொழி, அதே குடும்பங்கள். கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் நடை. 1993இல் உட்ஸ்யோக்கி ஊரில் பாலம் வந்தது. அதற்கு சாமி பாலம் என்றே பெயர். பாலத்தைக் கடந்தால் நாணயம் யூரோவிலிருந்து நார்வேயின் குரோனுக்கு மாறும், கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். இங்கே யாராவது ஒரு நேரம் குறித்தால், எந்தக் கரையின் நேரம் என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. நார்வேயில் விலைவாசி அதிகம் என்பதால் அந்தப் பக்கத்து ஆட்கள் மளிகை வாங்க நுவோர்காமுக்கு வருகிறார்கள். 2020இல் பெருந்தொற்றுக்காக எல்லை மூடியபோது அந்தக் கடைகள் எப்படித் திணறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஆற்றின் சால்மன் மீனைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

ஏனென்றால் இந்த ஊர் இருப்பதே அந்த மீனால்தான். தேனோ ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்லாண்டிக் சால்மன் ஆறுகளில் ஒன்று. குறுக்கே அணை கிடையாது. 1928இல் இதன் நார்வேப் பகுதியில் தூண்டிலில் சிக்கிய 36 கிலோ மீன்தான் இன்றும் அட்லாண்டிக் சால்மனில் உலக சாதனையாகச் சொல்லப்படுகிறது.

சால்மன் ஆற்றில் பிறந்து, அங்கேயே சில ஆண்டுகள் வளர்ந்து, பிறகு கடலுக்குப் போகிறது. கடலில் ஒன்று முதல் நாலு ஆண்டு தின்று கொழுத்து, முட்டையிடத் தான் பிறந்த அதே கிளையாற்றுக்குத் திரும்புகிறது. அப்படித் திரும்பித் திரும்பி, தேனோவின் கிளையாறுகளில் மரபணு அளவிலேயே வேறுபட்ட சுமார் 30 தனித்தனிக் கூட்டங்கள் உருவாகியிருக்கின்றன. நாம் 'தேனோ சால்மன்' என்று ஒரே பெயரில் சொல்வது உண்மையில் முப்பது குடும்பங்கள்.

பிடிக்கும் முறைகளும் பல. ஒன்று 'புவோட்ஜு' என்ற அடைப்பு. மூன்று கால் கட்டைகளைக் கரையிலிருந்து ஆற்றுக்குள் வரிசையாக நிறுத்தி, அவற்றுக்கு நடுவே பிர்ச் மரக் கிளைகளை நெருக்கமாக ஊன்றுவார்கள். நீரோட்டத்தை எதிர்த்து ஏறிவரும் மீன் கிளைகளைப் பார்த்துத் தயங்கி ஓரமாக நழுவும், அங்கே வலை காத்திருக்கும். இன்னொன்று 'கொல்கதத்'. பனிக்கட்டி உடைந்து போன வசந்த வெள்ளத்தில், ஒரு முனை படகிலும் மறுமுனை மிதவையிலுமாக வலையை விட்டு ஆற்றோடு சேர்ந்து மிதந்து போவது. எங்கே பாறை, எங்கே மணல்திட்டு, எந்த மட்டத்தில் தண்ணீர் இருந்தால் எந்த இடத்தில் வலை சிக்கும் என்பதெல்லாம் தெரியாமல் இதைச் செய்ய முடியாது. அதைப் படகின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பின்னால் இருக்கும் பெரியவரிடமிருந்து கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொள்ள வேறு இடம் கிடையாது.

இப்போது சால்மன் பிடிக்கலாமா?

2021இலிருந்து தேனோவில் சால்மன் பிடிக்கத் தடை. சுற்றுலாப் பயணிக்கு மட்டுமல்ல, உள்ளூர்க்காரருக்கும்தான். கடலுக்குப் போகும் மீன்களில் திரும்பி வருபவை மிகவும் குறைந்துவிட்டன. முன்பு நல்ல ஆண்டுகளில் இந்த ஆற்றில் 200 டன்னுக்கு மேல் சால்மன் பிடித்திருக்கிறார்கள்.

தடைக்கு முன்பே பிரச்சினை தொடங்கிவிட்டது. 2017இல் பின்லாந்துக்கும் நார்வேக்கும் இடையிலான புதிய மீன்பிடி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. மீனைக் காக்கத்தான் என்றார்கள். ஆனால் வலை, அடைப்பு போன்ற பழைய முறைகள் அதில் கடுமையாகச் சுருக்கப்பட்டன, சாமியரைச் சரியாகக் கலந்து பேசவில்லை என்ற கோபம் எழுந்தது. அந்தக் கோடையில் 'எல்லோஸ் தெயட்னு', அதாவது தெயட்னு வாழ்க, என்ற பெயரில் ஒரு குழு ஆற்றின் ஒரு தீவில் கூடாரம் போட்டு, இந்த விதிகள் இங்கே செல்லாது என்று அறிவித்தது.

உட்ஸ்யோக்கியைச் சேர்ந்த சில சாமியர், அதே ஆண்டு அரசு அனுமதிச் சீட்டு இல்லாமலும் தடைக் காலத்திலும் தங்கள் கிளையாறுகளில் மீன் பிடித்ததாக வழக்கில் நிறுத்தப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 ஏப்ரலில் குற்றச்சாட்டுகள் தள்ளுபடியாயின. பூர்வகுடிகளாகத் தங்கள் மொழியையும் பண்பாட்டையும் பேணி வளர்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு சாமியருக்குத் தருகிறது. அந்த உரிமையோடு மோதியதால் அந்த விதிகளை அவர்கள் மேல் செலுத்த முடியாது என்றது நீதிமன்றம். இந்தத் தீர்ப்பு கிளையாறுகளைப் பற்றியது. 2021 தடையை அது நீக்கவில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதுபவர்கள் பலர், அதனால்தான் தனியே சொல்கிறேன்.

என் கருத்தைக் கேட்டால்: மீன் இல்லாமல் போனால் உரிமையும் இல்லை, இது அந்தக் கரையில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் தடை பத்தாண்டு நீண்டால், மீன் திரும்பி வரும்போது கொல்கதத் விடத் தெரிந்த கை இருக்க வேண்டுமே. அந்தக் கவலையை மீன் கணக்கோடு சேர்த்துப் பார்க்காத எந்தத் திட்டமும் அரைகுறைதான்.

புதிதாக வேறொரு மீன் வந்திருக்கிறதாமே?

இளஞ்சிவப்பு சால்மன். பசிபிக் கடலின் மீன். 1950களிலிருந்து சோவியத் காலத்தில் கோலா தீபகற்பத்து ஆறுகளில் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டே ஆண்டு ஆயுள் என்பதால் ஒற்றைப்படை ஆண்டுகளில் கூட்டமாக ஏறுகிறது. 2017இலிருந்து இந்தப் பக்கம் பெருவெள்ளமாக வருகிறது. முட்டையிட்டதும் செத்து ஆற்றிலேயே அழுகுகிறது. சொந்த மீனைப் பிடிக்கக் கூடாது, வந்தேறி மீனோ ஆறு நிறைய. கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு இதைவிட வேதனை இருக்க முடியாது.

பனிமான் வளர்ப்பு என்றால் என்ன? காட்டு விலங்கா, வளர்ப்பு விலங்கா?

ரெயின்டீர் என்று நாம் கிறிஸ்துமஸ் அட்டைகளில் பார்க்கும் மான். வளர்ப்பு விலங்குதான், ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. ஆனால் தொழுவத்தில் கட்டி வளர்ப்பதில்லை, மேட்டு நிலத்தில் தானாக மேயும். பின்லாந்தில் 'பலிஸ்குந்தா' என்ற 54 மேய்ச்சல் கூட்டமைப்புகள் உண்டு. உட்ஸ்யோக்கிப் பக்கம் கல்தோஐவி, பைஸ்துந்துரி என இரண்டு. நாடு முழுக்க அதிகபட்சம் 2,03,700 பனிமான்தான் வைத்திருக்கலாம் என்று வரம்பும் உண்டு.

யாருடைய மான் என்று எப்படித் தெரியும்? காதைப் பார்த்து. ஒவ்வொரு உரிமையாளருக்கும் பதிவு செய்த காதுக் குறி இருக்கிறது. இரண்டு காதுகளிலும் வெவ்வேறு வடிவ வெட்டுகள் சேர்ந்து ஒரு குறி. சின்னக் குழந்தைக்கும் தனிக் குறி வாங்கித் தருவார்கள்.

குறி வெட்டுவது கோடையில். கன்றுகள் மே மாதம் பிறக்கின்றன. ஜூன், ஜூலையில் கூட்டத்தை வேலிக்குள் ஓட்டி வருவார்கள், பெரும்பாலும் இரவில், ஏனென்றால் பகல் வெயில் மானுக்கு ஆகாது. இரவு என்றாலும் சூரியன் அடிவானத்துக்கு மேலேதான் இருக்கும். வேலிக்குள் நூற்றுக்கணக்கான மான்கள் ஒரே பக்கமாக வட்டமடிக்கும். தாய்கள் ஒரு கரகரத்த உறுமல் போடும், கன்றுகள் மெல்லிய குரலில் பதில் கொடுக்கும். கன்றைப் பிடித்துக் கழுத்தில் எண் அட்டை மாட்டி விட்டுவிடுவார்கள். அப்புறம் வேலியோரம் நின்று காத்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டம் அமைதியாகும், கன்று தன் தாயைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும். தாயின் காதைப் பார்த்து, 'இந்த எண் கன்று இன்னாருடையது' என்று எழுதிக்கொள்வார்கள். பிறகு மறுபடி பிடித்து, முழங்காலுக்கு நடுவே வைத்து, கூரான சின்னக் கத்தியால் சில விநாடியில் வேலையை முடிப்பார்கள். வெட்டிய காதுத் துண்டுகளை எறிவதில்லை, கடைசியில் எண்ணிப் பார்த்தால் எத்தனை கன்று என்று தெரிந்துவிடும்.

1960களில் பனி ஸ்கூட்டர் வந்தபோது இந்தத் தொழில் தலைகீழாக மாறியது. வேகம் கூடியது, எரிபொருள் செலவும் கூடியது. இப்போது பயம் வானிலையைப் பற்றி. நடுக் குளிர்காலத்தில் மழை பெய்து மறுபடி உறைந்தால், பனிக்கு அடியில் இருக்கும் பாசியின் மேல் பனிக்கட்டி மூடி போட்டுவிடும். மானால் குளம்பால் தோண்ட முடியாது. பிறகு தீவனம் வாங்கிக் கொண்டுபோய்ப் போட வேண்டும், அல்லது மான் சாகும்.

குளிர்காலம் முழுக்க இருட்டா?

நவம்பர் கடைசி வாரத்தில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்ப எட்டிப் பார்க்கும். ஐம்பது நாளுக்கு மேல். சாமியில் இதற்கு 'ஸ்காப்மா' என்று பெயர், பின்னிஷில் 'காமொஸ்'. ஆனால் கும்மிருட்டு என்று நினைக்காதீர்கள். சூரியன் அடிவானத்துக்குச் சற்றே கீழே இருப்பதால், நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீல வெளிச்சம் பரவும். பனி அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். தெற்கு வானில் ரோஜா நிறம் கொஞ்ச நேரம் நிற்கும். இரவில் நிலா, விண்மீன், வானம் தெளிவாக இருந்தால் துருவ ஒளி.

மே நடுவிலிருந்து ஜூலை இறுதி வரை இதற்கு நேர்மாறு. சூரியன் மறைவதே இல்லை.

குளிர் எவ்வளவு?

மைனஸ் 40 டிகிரிக்குக் கீழும் போயிருக்கிறது. வீட்டு வாசலில் மின்கம்பியோடு கட்டிப்போட்ட மாதிரி கார்கள் நிற்கும். என்ஜினைச் சூடாக்கும் கருவிக்கு மின்சாரம் அது. செருகாமல் விட்டால் காலையில் வண்டி கிளம்பாது.

வெயிலையும் சொல்ல வேண்டும். இங்கே கேவோ என்ற இடத்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. 2021 ஜூலையில் அங்கே 33 டிகிரியைத் தாண்டியது. லாப்லாந்தில் நூறாண்டுக்கு மேல் காணாத சூடு.

மரங்கள் உண்டா?

பெரும்பாலும் குட்டையான மலை பிர்ச். பைன் மரம் ஆற்றுப் பள்ளத்தாக்குகளோடு நின்றுவிடும். 1965, 66இல் ஒரு அந்துப்பூச்சியின் புழுக்கள் பெருகி, பிர்ச் இலைகளை மொத்தமாகத் தின்று, பெரும் பரப்பில் காடே செத்தது. பல இடங்களில் இன்றுவரை மீளவில்லை, பிர்ச் நின்ற மேடு வெறும் புதராகிவிட்டது. அந்தப் பூச்சியின் முட்டை மைனஸ் 35 டிகிரிக்குக் கீழே போனால்தான் சாகும். குளிர்காலம் மென்மையானால் அது பூச்சிக்கு நல்ல காலம்.

உடம்புக்கு முடியவில்லை என்றால்?

சின்ன விஷயங்களுக்கு உள்ளூரிலேயே சுகாதார நிலையம். பெரிய மருத்துவமனை ரோவானியெமியில், சுமார் 450 கிலோமீட்டர். பிரசவ நாள் நெருங்கும் பெண்ணுக்கு இந்த எண்ணின் அர்த்தம் வேறு. ஊரைப் பற்றி அழகாக எழுதுகிறவர்கள் இந்தத் தூரத்தையும் எழுத வேண்டும்.

ஏரிக்கரையில் சின்னச் சின்ன மரவீடுகள் இருக்கின்றனவே, அவை என்ன?

உட்ஸ்யோக்கி ஊருக்குத் தெற்கே மாந்தோ ஏரிக்கரையில் 1853இல் கட்டிய கல் தேவாலயம் இருக்கிறது. சாலை இல்லாத காலத்தில் ஆட்கள் பனிமான் வண்டியிலும் படகிலும் நாள்கணக்கில் பயணம் செய்து கோயிலுக்கு வந்தார்கள். வந்தவர்கள் தங்கக் குடும்பங்கள் கட்டிக்கொண்டவைதான் இந்த வீடுகள். திருமணம், ஞானஸ்நானம், வரி கட்டுவது, பெண் பார்ப்பது, வியாபாரம் எல்லாம் அந்தச் சில நாட்களில் நடந்துவிடும். ஒரு அறை, ஒரு கணப்பு, நாலைந்து பேர் நெருங்கிப் படுக்கும் இடம். உட்ஸ்யோக்கிக்குச் சாலை வந்தது 1950களில்தான், அதுவரை இதுதான் ஊர் கூடும் இடம்.

மீனும் மானும் தவிர வேறு என்ன பிழைப்பு?

ஊராட்சி வேலை, பள்ளி, கடை, சுற்றுலா. குளிர்காலத்தில் கம்பிக் கண்ணி வைத்துப் பனிக்கோழி என்ற காட்டுப் பறவையைப் பிடிப்பது உண்டு. ஜூலை கடைசியில் சதுப்பு நிலத்தில் பொன்னிறமாகப் பழுக்கும் கிளவுட்பெர்ரி நல்ல காசு. காட்டுப் பழம் பறித்து விற்கும் வருமானத்துக்கு பின்லாந்தில் வரி இல்லை. நல்ல சதுப்பு எங்கே என்பதை மட்டும் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. பக்கத்து விமான நிலையம் இவலோ, சுமார் 165 கிலோமீட்டர். ரயில் கிடையாது. ரோவானியெமியிலிருந்து பஸ் வரும். நடக்கத் தெம்பு இருந்தால் கேவோ பள்ளத்தாக்குப் பாதை, 60 கிலோமீட்டருக்கு மேல், பாலமில்லாத ஓடைகளை இறங்கிக் கடக்க வேண்டும். அது கடும் பாதுகாப்பில் உள்ள இயற்கைக் காப்பகம், குறியிட்ட பாதையைவிட்டு விலகக் கூடாது. வசந்தத்தில் பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் பள்ளத்தாக்குப் பகுதி மூடியிருக்கும்.

சாலையில் பனிமான் நின்றால் வண்டியை மெதுவாக்குங்கள். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் வரும். இடித்துவிட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டும், உரிமையாளருக்கு இழப்பீடு அப்படித்தான் கிடைக்கும்.

சாமியரின் 'காக்தி' உடையைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். அதில் உள்ள பட்டை, நிறம், வெட்டு எல்லாம் அணிந்தவர் எந்தக் குடும்பம், எந்த ஆற்றங்கரை என்று சொல்லும். போலியாகத் தைத்ததை வாங்கிப் போட்டுப் படம் எடுப்பது அவர்களைப் புண்படுத்துகிறது. தயவுசெய்து வேண்டாம்.

மேய்ப்பவரிடம் "உங்களுக்கு எத்தனை பனிமான்?" என்று கேட்கலாமா?

கேட்காதீர்கள். வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்பதற்குச் சமம் அது. இந்தக் குளிர்காலம் பனி எப்படி இருந்தது, கன்றுகள் நன்றாக வந்தனவா என்று கேட்டுப் பாருங்கள். நேரம் இருந்தால் உட்கார வைத்துக் காபி ஊற்றிப் பேசுவார்கள்.